கிணற்றுக்கு வழி சொன்ன போர்டு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நீங்கள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள். யாராவது வந்துவிடுகிறார்கள், மோர்ச் சொம்போடு நீங்கள் ஓட வேண்டியிருக்கிறது. "அந்த போர்டைக் கழட்டிப்போட்டு கேட்டைப் பூட்டுங்கப்பா" என்று சின்னவள் போன வாரம் சொன்னாள். கழற்ற மாட்டேன். ஏன் என்று எழுதி வைக்கிறேன். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நம் தோப்பு ஆனைமலை ரோட்டை ஒட்டி இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்கள் திரும்பும்போது தென்னை நிழலைப் பார்த்ததும் காரை நிறுத்திவிடுவார்கள். கேட்டைப் பூட்டவும் முடியாது, பின்னால் இருக்கிற தோட்டத்துக்காரர்களுக்கும் அதுதான் வண்டித்தடம். நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுப் போகிறவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பயமெல்லாம் கிணற்றை நினைத்துத்தான். இறங்குகிற கல்படி பாதி உடைந்து கிடக்கிறது. தண்ணீருக்குள் பழைய இரும்புக் குழாய்கள் நிற்கின்றன, மேலிருந்து பார்த்தால் தெரியாது. குதித்தவன் மேலே வராமல் போனால், அவனைப் பெற்றவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அதனால் ஒரு தகரத்தில் நானே பெயிண்டில் எழுதி ரோட்டோரம் மாட்டினேன். 'இது தனியார் தோட்டம். கிணற்றில் குளிக்கக் கூடாது.' அடுத்த ஞாயிறு ஒரு வேன் வந்து நின்றது. தோளில் துண்டோடு ஒருவர் இறங்கினார்.

"ஏனுங்கண்ணா, கிணறு எந்தப் பக்கமுங்க?"

"கிணறு இருக்கறது உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"போர்டுல போட்டிருக்குதுங்களே!"

அன்றே அதை அழித்துவிட்டு 'நாய்கள் ஜாக்கிரதை' என்று எழுதினேன். நம்மிடம் நாய் கிடையாது. ஆனாலும் அது நன்றாகவே வேலை செய்தது, உங்கள் அம்மா வாயைத் திறக்கும் வரை. வாசலில் யார் நின்றாலும் 'வாங்க' என்று கேட்காவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். சண்டைக்கு வந்தவரைக்கூட முதலில் வாங்க என்று கேட்டுவிட்டுத்தான் சண்டை போடுவோம். ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து பைக்கில் வந்த மூன்று கல்லூரிப் பையன்கள் போர்டைப் படித்துவிட்டுத் தயங்கி நின்றார்கள். களத்தில் தேங்காய் குவித்துக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டாள்.

"வாங்க கண்ணு!"

"நாய் கடிக்குங்களாக்கா?"

"நாயெல்லாம் இல்லீங்க கண்ணு. அவரு சும்மா எழுதி வெச்சிருக்கறாரு. பயப்படாம வாங்க."

கொஞ்ச நேரத்தில் கிணற்றுப் பக்கம் அலறல் கேட்டது. ஒருவன் குதிக்க, இன்னொருவன் அதை போனில் படம் எடுத்திருக்கிறான். குழாய் தோளில் இடித்து, குதித்தவனுக்கு ஒரு கை எழவில்லை. மற்ற கையால் அதே குழாயைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தான். நான் கயிற்றில் சுருக்குப் போட்டு இறக்கினேன். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்தவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

"உள்ள குழாய் இருக்குதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தீங்கன்னா குதிச்சிருக்க மாட்டேனுங்க" என்றான். பல் தந்தியடித்தது. "நாய்க்குத்தானுங்க பயந்தோம்."

அம்மா அவனுக்குத் துண்டைப் போர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இல்லாத நாயை எழுதுனீங்க. இருக்கற குழாயை எழுதலையே."

ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்த பிறகு எழுதியதுதான் இப்போது தொங்குகிற போர்டு. 'கிணற்றுப் படி உடைந்திருக்கிறது. தண்ணீருக்குள் இரும்புக் குழாய் இருக்கிறது. குதித்தால் உயிர் போகும். தாகமாக இருந்தால் வீட்டுக்கு வாங்க, மோர் தருகிறோம்.' கடைசி வரி அம்மா சொல்லி எழுதியது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இப்போது வருகிறவர்கள் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மோர் குடித்துவிட்டு, "அப்படி என்னங்க கிணறு அது?" என்று கேட்கிறார்கள். நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன், அந்தப் பையனின் தோளைப் பற்றியும் சொல்கிறேன். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் குதிக்கவில்லை.

அதனால் கண்ணுகளா, சொம்பை எடுக்கும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள். உப்பையும் பார்த்துப் போடுங்கள். போன வாரம் மோரில் உப்பே இல்லை, பாவம், வெயிலில் வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்கள்.