முதுகுக்குப் பின்னால் நடந்த கச்சேரி

ராக் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் கம்பித் தடுப்பு போட்டிருப்பார்கள். தடுப்புக்கும் மேடைக்கும் நடுவே உள்ள சந்தில், கூட்டத்தைப் பார்த்தபடி நிற்கிற பவுன்சர்களில் ஒருவன் அவன். ஆளின் அகலத்தைப் பார்த்து எல்லாரும் சுவர் என்றே கூப்பிட்டார்கள். மேடைப் பக்கம் திரும்பினால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும். பெரிய பெரிய குழுக்களெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால்தான் வாசித்துவிட்டுப் போயின. அவன் கண்டதெல்லாம் வியர்த்த முகங்களும் ஓங்கிய கைகளும்தான்.

அதனாலேயே லைவ் ஆல்பம் என்றால் அவனுக்கு உயிர். தான் நின்ற கச்சேரி இசைத்தட்டாக வந்தால் முதல் ஆளாய் வாங்கிவிடுவான். ஸ்டூடியோ பாட்டை மதிக்கவே மாட்டான்.

"கதவைச் சாத்திக்கிட்டு பாடுறவனுக்கு என்ன வீரம்? எதிர்ல நாலு பேர் பாட்டில் எறியணும். அப்பவும் தாளம் தப்பாம வாசிக்கணும். அதான் ராக்."

"ஆமா, பாட்டில் உங்க மண்டையில, கைதட்டு அவனுக்கு" என்பாள் மனைவி.

அவனும் ஒன்றும் சாது இல்லை. அடிப்பதில் அவனுக்கு ஒரு ருசி இருந்தது. தடுப்பேறி வருகிறவனை டிரம்ஸ் அடிக்கு அடி சேர்த்துத் தாடையில் குத்துவான், அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வான். கேடுகெட்ட பெருமை.

ஒரு கச்சேரியில் கடைசிப் பாட்டுக்கு முன் தடுப்பு சரிந்தது. விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு கூட்டம் உள்ளே பாய்ந்தது. சுவரின் நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். கைக்கு அகப்பட்ட ஓர் இளைஞனின் கழுத்தை முழங்கை மடக்கில் இறுக்கினான். அந்தப் பையன் பாய்ந்தவனே இல்லை, பின்னாலிருந்து தள்ளப்பட்டவன்.

"விடுண்ணா... மூச்சு முட்டுது!"

சுவர் விடவில்லை. உடம்பு தொய்ந்த பிறகுதான் விட்டான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்தானா என்று யாரும் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் இவனுக்கும் இல்லை.

கூட்டத்தின் இரைச்சலைப் பிடிக்கத் தடுப்பில் ஒரு மைக் கட்டியிருந்ததை அவன் கவனித்திருக்கவில்லை. ஆல்பம் வந்ததும் வழக்கம்போல ஆசையாக வாங்கிவந்து வீட்டில் போட்டான். கடைசிப் பாட்டுக்கு முன்னால் அந்த அலறல் துல்லியமாகக் கேட்டது. பிறகு தொண்டையில் ஒரு கொரகொரப்பு. பிறகு கிட்டார்.

"யாருங்க இப்படிக் கத்துறது?" என்றாள் மனைவி.

"கூட்டத்துல எவனோ."

"சாகப்போறவன் கத்துற மாதிரி இருக்கு. நிப்பாட்டுங்க."

ரசிகர்களுக்கோ அந்த இடம்தான் பிடித்துப்போயிற்று. எவனோ தமாஷ் செய்கிறான் என்று நினைத்தார்கள். பிடித்த லைவ் ஆல்பம் எது என்று கேட்டால் அதைத்தான் சொன்னார்கள். அந்தக் குழுவின் கச்சேரி எங்கே நடந்தாலும், கடைசிப் பாட்டுக்கு முன் கூட்டமே "விடுண்ணா!" என்று கத்திச் சிரித்தது. சுவர் காவல் நின்ற நாட்களில் அத்தனை வாயும் அவன் முகத்துக்கு நேரே.

மனைவி வெளியே போயிருக்கும்போது அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பான். கொரகொரப்புக்குப் பின் ஒரு மூச்சாவது இருக்கிறதா? கிட்டார் வந்து அதை மூடிவிடும். கொன்றுவிட்டோமா இல்லையா என்பது தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவன் யார்மீதும் கைவைக்கவில்லை.

அதே குழு மறுபடியும் வந்தது. கூட்டம் வழக்கம்போலக் கத்திவிட்டு ஓய்ந்தது. அப்போது ஒருவன் சுவரைப் பார்த்துக்கொண்டே வெறியோடு தடுப்பேறிக் குதித்தான். பக்கத்திலிருந்த பவுன்சர் அவனை இழுத்துப்போட்டுக் கழுத்தை மடக்கினான்.

"விடுண்ணா... மூச்சு முட்டுது!"

இது விளையாட்டு இல்லை. சுவருக்கு மனப்பாடமான குரல். கொஞ்சம் கீறல் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

சுவர் பாய்ந்து, சகாவின் விரலை ஒடித்துப் பிடியைப் பிரித்தான். மற்ற பவுன்சர்கள் பூட்ஸ் காலோடு ஓடிவந்தார்கள். சுவர் பையனைக் கீழே தள்ளி அவன்மேல் கவிழ்ந்துகொண்டான். உதை முழுவதும் இவன் முதுகில் விழுந்தது. விலா எலும்பு ஒன்று முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. தலை மேடைப் பக்கம் இருந்தது, நிமிர்ந்தால் போதும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வாசிப்பவர்கள் கண்ணெதிரே. அவன் பார்க்கவில்லை. கீழே கிடந்த முகத்தைத்தான் பார்த்தான்.

"அன்னைக்கு நீதானடா?" பையன் சுவரின் மூக்கில் குத்தினான். மறுபடியும் குத்தினான்.

"நான்தான். நல்லா அடி." சுவர் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு அழுதான். "ஆனா வாயை மூடிடாத தம்பி. கத்திக்கிட்டே அடி."