லேப் அக்காவின் கிளட்ச்

ஸ்பிரிங் தராசின் கொக்கியைக் கிளட்ச் லீவரின் நுனியில் மாட்டி, லீவர் கைப்பிடியைத் தொடும்வரை இழுத்தார் லேப் அக்கா. முள் பதினொரு கிலோவில் நின்றது. விட்டுவிட்டு மறுபடி இழுத்தார். பதினொன்று. மூன்றாம் முறையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் முற்றத்துச் சுவரில் சாக்பீஸால் 11 என்று எழுதினார். மூன்று முறை அளக்காத எதையும் அவர் எழுதுவதில்லை. "மூணு தடவையும் ஒண்ணு போல வந்தா அது அளவு. ஒரு தடவ வந்தா அது ஜோசியம்" என்பார். கடையில் வாங்கிய சர்க்கரையின் எடை, குளிக்கும் வெந்நீரின் சூடு, மாத்திரைக்குப் பின் இறங்கிய காய்ச்சல் எல்லாம் ஒரு காலத்தில் அந்தச் சுவரில் ஏறி, அழிந்து, மறுபடி ஏறியவைதாம்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. ஓர் உயர்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். ஆசிரியர் மேசைமேல் செய்துகாட்டும் சோதனை சொதப்பும்போது, துடைப்பதுபோல் பக்கத்தில் வந்து ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டுப் போவார். சோதனை சரியாக வரும். பரிசு வந்தால் ஆசிரியர் பெயர், குடுவை உடைந்தால் அக்காவின் பெயர். பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவருக்கு ஒரு நாற்காலி போடாத பள்ளி அது. முப்பத்திரண்டு ஆண்டும் முக்காலியில்தான் உட்கார்ந்தார். கேட்பவருக்கு ரத்தம் கொதிக்கும். அவரோ சிரிப்பார். "நாற்காலி ஆடும். முக்காலி எந்தத் தரையில போட்டாலும் ஆடாது. யாரு தோத்தாங்க?" ஓய்வு பெற்ற அன்று என்ன வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, அலமாரியின் மூலையில் கிடந்த இந்தத் தராசைக் காட்டினார். "இங்க இது ஒண்ணுதான் ஆளப் பாத்துப் பேசாது. அதக் குடுங்க."

மோட்டார் சைக்கிள் அவரைவிட நான்கு வயது இளையது. கருப்பு வண்டி. டாங்கின் இரண்டு பக்கமும் முழங்கால் உரசி உரசிப் பெயிண்ட் போய், தகரம் பளபளக்கிறது. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நில அளவையாளரிடமிருந்து வாங்கியபோதே அது கிழட்டு வண்டிதான். அடுத்த ஆண்டு அதிலேதான் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை டெய்லர். சிறு வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன வலது காலோடு அவரால் வண்டி ஓட்ட முடியாது. ஆகவே பெண் முன்னால், மாப்பிள்ளை பின்னால். தெருமுனையில் நின்ற கும்பலுக்கு அது பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளைய எங்கம்மா கடத்திட்டுப் போற?"

"பதிவு ஆபீசுக்கு. கடத்துனதுக்கு அங்க சர்டிபிகேட்டே குடுப்பாங்க!"

டெய்லர் பின்னாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டாராம், தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி. அப்புறம் எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ சாலைகள். தைத்த துணிகளை மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு டெய்லர் ஏறுவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ஜினை அக்கா அணைப்பார். டெய்லர் பின் இருக்கையிலேயே ஊசியை எடுத்து விட்டுப்போன பொத்தானைத் தைப்பார். கூட்ஸ் வண்டி வந்தால் இரண்டு சட்டை முடியும். "நம்ம கடைக்கு நாலு கிளை. நாலும் ரயில்வே கேட்டுல" என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வண்டிதான் இரண்டு மாதமாக அக்காவின் இடது கையோடு மல்லுக்கு நின்றது. கிளட்ச் கல்லாக இறுகிவிட்டது. ஒருநாள் சிக்னலில், சிவப்பு விளக்கு முடிவதற்குள் விரல்கள் விட்டுப்போயின. வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. டெய்லரின் கால் தரையில் இழுபட்டு முட்டி சிராய்த்தது. அவ்வளவுதான் காயம். ஆனால் சேதி வீடு வீடாகப் போய்விட்டது.

டாக்டர் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயசானா பிடி குறையத்தாம்மா செய்யும், இனிமே பஸ்ல போங்க" என்றார்.

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"எவ்வளவுன்னா?"

"எத்தன கிலோ?"

டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். மெக்கானிக் ஒரே நாளில் கேபிளை மாற்றி, என்ஜின் ஆயிலையும் மாற்றி, அடியில் இருந்த திருகையும் முறுக்கிவிட்டு, "வண்டில ஒண்ணுமில்லக்கா, உங்க கைதான்" என்றார். "ஒரு நேரத்துல ஒண்ண மாத்தணும். மூணையும் சேத்து மாத்துனா எது குத்தவாளின்னு எப்படித் தெரியும்?" என்று அக்கா அவரையும் விடவில்லை. ஆனால் அக்காவின் தம்பி அதற்குள் வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டார். பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒருவர். ஞாயிறு காலை பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. கை போய்விட்டது என்றால் வண்டியும் போகும். அதனால்தான் ஞாயிறு விடிந்ததும் தராசோடு முற்றத்துக்கு வந்தார்.

ஒன்பது மணிக்குத் தம்பி வந்தபோது லீவரிலிருந்து கேபிள் கழற்றப்பட்டிருந்தது. வெற்று லீவர் ஒற்றை விரலுக்கு ஆடியது. அக்கா அதைச் சுவரில் எழுதினார்: லீவர் நிரபராதி. கீழ்முனையையும் கழற்றி, உறைக்குள் கம்பியை இழுத்தார். வெண்ணெயில் இறங்கும் கத்திபோல் ஓடியது. கேபிளும் நிரபராதி.

"அக்கா, பத்து மணிக்கு அவரு வந்துடுவாரு. வண்டியக் கோர்த்து வைக்கா."

"வரட்டும். காப்பி குடுப்போம்."

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இல்லையா?"

"இருந்தாச் சொல்லு, அதையும் எழுதிக்கிறேன்."

தம்பி படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்தார். அக்கா கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான்: கிளட்ச் நன்றாக இருந்த நாளுக்கும் கெட்ட நாளுக்கும் நடுவே வண்டியில் என்ன மாறியது? உரக்கவே கேட்டார். உள்ளே தையல் மெஷின் நின்றது.

"லேப்பு..." டெய்லர் வாசலுக்கு வந்தார். "நான் வாங்கிப் போட்ட லீவர்தான் மாறுச்சு. ஆனா அது அதே நீளம். நானே டேப் வச்சு அளந்தேன்."

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு தள்ளுவண்டி உரசிச் சாய்த்ததில் பழைய லீவரின் நுனி வளைந்துவிட்டது. அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், டெய்லர் கடை கடையாக ஏறி, ஹேண்டில்பாரில் இறுக்கும் அடிப்பிடியோடு சேர்ந்த ஒரு புது லீவர் வாங்கி மாட்டி வைத்திருந்தார். வெள்ளிபோல் மின்னியது. திரும்பி வந்த அக்கா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அதன் பிறகு எதை எதையோ சந்தேகப்பட்டார், அதை மட்டும் விட்டுவிட்டார். இப்போது கழற்றியும்கூட, ஆடுகிறதா என்று பார்த்தாரே தவிர அளக்கவில்லை. கடவுளையே சந்தேகித்த மனுஷி, கணவர் கொடுத்ததைச் சந்தேகிக்கவில்லை.

"பழசு எங்க?"

வெட்டு மேசையில் துணி பறக்காமல் இருக்க டெய்லர் அதைப் பாரமாக வைத்திருந்தார். எடுத்து வந்தார். அக்கா இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார். நீளம் மயிரிழை பிசகவில்லை. பிறகு, லீவர் எந்த ஆணியில் சுழல்கிறதோ அந்த ஓட்டையோடு ஓட்டையைப் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். கேபிளின் குமிழ் உட்காரும் குழிகள் மட்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. புதியதில் குழி ஆணியிலிருந்து அரை சென்டிமீட்டர் கூடுதலாகத் தள்ளியிருந்தது.

"அரை சென்டிமீட்டருக்கா இந்தப் பாடு?" என்றார் தம்பி.

"ஒரு கதவ நீ நுனியில புடிச்சுத் தள்ளுற. அந்தப் பக்கம் ஒருத்தன் தடுக்குறான். கீல் ஓரமா நின்னு தடுத்தான்னா ஈசியாத் தள்ளிடுவ. அவனே ஒரு அடி தள்ளி நின்னா?"

டெய்லர் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கையில் சுருட்டினார்.

"கை நீளத்த அளந்துட்டு அக்குள விட்டுட்டேன்" என்றார் மெதுவாக. "நாப்பது வருசத் தொழில்ல இப்படி ஒரு சட்ட தச்சதில்ல. உன்னையே விழ வச்சிருப்பேனே, லேப்பு."

"விழுந்தது நீங்கதான்யா. உங்க தப்பு உங்க முட்டியோட போச்சு. ஸ்பேனர எடுங்க."

பழைய லீவரை அதன் அடிப்பிடியோடு மாட்டப் பத்து நிமிஷம் ஆயிற்று. நுனி அசிங்கமாக வளைந்திருந்தது. கொக்கியை மாட்டி இழுத்தார். ஒன்பது. ஒன்பது. ஒன்பது. அக்காவின் முகத்தில் ஒரு கணம் பதிவு அலுவலகத்துக்குப் போன பெண் வந்துபோனாள். டெய்லர் பார்த்துவிட்டார், பார்க்காததுபோல் ஸ்பேனரைத் துடைத்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். அக்கா தராசை ஜன்னல் கம்பியில் மாட்டினார்.

"இப்ப என்ன?" என்றார் தம்பி.

"வண்டிய அளந்தாச்சு. கைய அளக்க வேணாமா?"

"வேணாம் லேப்பு" என்றார் டெய்லர். "அதான் சரியாயிடுச்சே."

"எண்ணுங்க. அறுபது வரைக்கும். சிக்னல் அவ்வளவு நேரம்தான்."

இடது கையின் நான்கு விரல்களை வளையத்தில் கோத்து இழுத்தார். டெய்லர் எண்ணினார். முதலில் பதினொன்றுக்கு இழுத்தார். இருபது எண்ணுவதற்குள் முள் இறங்கிவிட்டது. கையை உதறிவிட்டு, சற்று ஓய்வெடுத்து, பத்துக்கு இழுத்தார். நாற்பதில் விரல் நுனிகள் வெளுத்தன. ஐம்பதில் முழங்கை நடுங்கியது. டெய்லர் வேகமாக எண்ணத் தொடங்கினார்.

"யோவ், கள்ளக் கணக்குப் போடாதீங்க."

அறுபது வந்தது. முள் பத்தில்தான் இருந்தது. ஓய்வெடுத்து ஓய்வெடுத்து மூன்று முறை இழுத்தார். மூன்று முறையும் பத்து. வலது கை பதினான்கை அசையாமல் பிடித்தது. இடது கை தளர்ந்திருந்தது உண்மை. டாக்டர் முழுக்கப் பொய் சொல்லவில்லை, அளக்காமல் சொன்னார், அவ்வளவுதான். அக்கா சுவரில் 9 என்பதன் கீழே 10 என்று எழுதி, சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பியின் போன் அடித்தது. சேகரிப்பாளர் தெருமுனையில் நின்றுகொண்டு வீடு எது என்று கேட்டார்.

"என்னக்கா சொல்றது?"

"ஒரு கிலோ மிச்சம் இருக்குன்னு சொல்லு."

"அவருக்கு என்ன புரியும் அது?"

"அப்ப நீ வெளக்கிச் சொல்லு. மாசாமாசம் ஒண்ணாந்தேதி அளப்பேன். அது ஒன்பதுக்கு எறங்குன அன்னிக்கு நானே கூப்புடுறேன். அதுக்கு ஒரு நாள் முன்னாடியும் இல்ல, ஒரு நாள் பின்னாடியும் இல்ல. காப்பி குடிச்சிட்டுப் போகச் சொல்லு, பாவம், வெயில்ல வந்திருக்காரு."

ஒரே உதையில் வண்டி கிளம்பியது. டெய்லர் வழக்கம்போல் பின்னால் ஏறிக்கொண்டார். இருவரும் அந்தச் சிக்னலுக்கே போனார்கள். மஞ்சள் விழும்போதே வேகத்தைக் குறைத்து, சிவப்புக்காகவே காத்திருந்தவர்போல் அக்கா நின்றார். கியரில் இருந்தது வண்டி. கிளட்ச்சை நான்கு விரலாலும் உள்ளே இழுத்துப் பிடித்தார். என்ஜின் கீழே தடதடத்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து நாலைந்து பேர் குனிந்து பார்த்தார்கள். நாற்பது. விரல்கள் வெளுத்தன. ஐம்பது.

அக்கா பக்கத்துக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். பின்னால், டெய்லரின் தொடைமேல் அவரது இடது கை இருந்தது. இல்லாத ஒரு லீவரை நான்கு விரலாலும் இறுக்கிப் பிடித்திருந்தது, கணுக்கள் வெளுக்க. பச்சை விழுந்து அக்கா மெல்ல, மிக மெல்லக் கிளட்ச்சை விட, அந்தக் கையும் அதே மெதுவில் விரிந்தது.