வால் நுனி எலும்பு

சாரல் காலத்தில் அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடைதான் வரும். போன வாரம் எங்கள் இலஞ்சி வீட்டு அலமாரியைத் திறந்தபோது வந்ததோ குற்றாலத்து எண்ணெய் வாடை. பழைய புடவைகளுக்கு அடியில் கிடந்த டேப்லெட்டின் உறையிலிருந்து வந்தது. முகர்ந்து பார்த்தேன். அதைப் போய் யாராவது முகர்வார்களா என்று கேட்காதீர்கள். அந்த வாடையோடு அப்பா வந்து நின்றார். அவர் பின்னால் ஒரு டைனோசரும் வந்து நின்றது.

அப்போது நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மகள் வள்ளிக்கு ஆறு வயது, டைனோசர் பைத்தியம். அவளுக்கு டேப்லெட்டில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்திருந்தேன். திரையில் மண் இருக்கும். விரலால் தேய்த்தால் மண் விலகி ஒவ்வொரு எலும்பாக வெளியே வரும். எல்லாம் சேர்ந்ததும் கேமராவை முற்றத்தின் பக்கம் காட்டினால், அங்கேயே அது உயிரோடு எழுந்து நிற்கும். அவளைச் சும்மா உட்காரவைக்கத்தான் ஏற்றினேன்; படிப்புக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த வலது கை மடியில் கிடந்தது. விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். ரப்பர் பந்தைக் கொடுத்தால் அப்பா இடது கையால் வீசிவிடுவார். குளிக்க வருகிறவர்களுக்கு எங்கள் லாட்ஜ் வாசலில் எண்ணெய் தேய்த்துவிடும் முருகையா அண்ணாச்சி, வேலை முடிந்து தினமும் வந்து அந்தக் கையை உருவிவிட்டுப் போவார்.

ஒரு நாள் அவர் உருவி முடித்ததுமே வள்ளி டேப்லெட்டை அப்பா மடியில் வைத்தாள். "தாத்தா, நீங்க தேய்ங்க."

ஆள்காட்டி விரல் மெல்ல நகர்ந்தது. ஆனால் திரையில் மண் அசையவில்லை. மறுபடியும் தேய்த்தார். ம்ஹூம்.

"என் கை செத்துப்போச்சுட்டி. கண்ணாடிக்கே தெரியுது," என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். படித்தவள் நான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

முருகையா அண்ணாச்சி தன் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். அப்போதும் மண் அசையவில்லை.

"அண்ணாச்சி, அப்ப என் கையும் செத்துப்போச்சாக்கும்? விடிஞ்சதுல இருந்து ஊர்ப்பட்ட பேரை உருவிட்டுல்லா வாறேன்!" என்று அப்பாவிடம் கேட்டார்.

வள்ளிதான் முதலில் சிரித்தாள். காய்ப்பேறி எண்ணெயில் ஊறிய விரல்களைக் கண்ணாடிக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். அவள் ஓடிப்போய் சோப்பும் செம்பில் தண்ணீரும் கொண்டுவந்தாள். கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கக் காயாத விரலை அப்பா மறுபடி வைத்தார். மண் விலகியது. ஒரு பல் தெரிந்தது. அப்பா அழுதார், நானும் அழுதேன்.

மூன்று வாரத்தில் நெடுங்கழுத்தன் முழுசாகச் சேர்ந்தான். ஆப் சொன்ன பெயர் வாயில் நுழையாததால் அப்பா வைத்த பெயர் அது. அவன் முற்றத்தில் எழுந்து நின்றதை எப்படிச் சொல்வேன்! தென்னைக்கு மேலே தலை, அதற்கும் பின்னால் மேகம் மூடிய மலை. கழுத்தை வளைத்து எங்களைப் பார்த்தான். படம்தான் என்று தெரிந்தும் ஆளுக்கு ஓரடி பின்வாங்கினோம். முருகையா அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டார்.

"இம்புட்டுப் பெரிய உசுரு நடந்த பூமியிலயா நாம வரப்புக்குச் சண்டை போடுதோம்?" என்றார் அப்பா.

அடுத்த டைனோசரான மூன்று கொம்பனைத் தோண்டத் தொடங்கினார். தினமும் கண்ணில் பட்ட ஒரு எலும்பையாவது தொடாமல் மிச்சம் வைப்பார். கேட்டால், "நாளைக்கு எந்திரிக்க ஒரு வேலை வேணும்லா," என்பார். வால் நுனி மட்டும் மிச்சமிருந்தபோது பிசானப் பருவ நெல் நடவு வந்தது. மண்வெட்டி பிடிக்கும் அளவுக்குக் கை தேறியிருந்தது. அப்பா வயலுக்குப் போனார், டேப்லெட் அலமாரிக்குப் போனது.

அப்பா இறந்து இரண்டு வருஷமாகிறது. வள்ளிக்கு இப்போது டைனோசர் என்றாலே கொட்டாவி. சார்ஜ் ஏற்றி ஆப்பைத் தொட்டேன், எண்ணெய் இல்லாத விரலால்தான். திறக்கவில்லை. தென்காசியில் செல்போன் கடைக்கு எடுத்துப் போனேன்.

"இத நிறுத்தி ரொம்ப நாளாச்சுக்கா. இனி வராது."

கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்த எலும்பெல்லாம் கிடைக்கிறது. ஏழு வருஷத்துக்கு முந்தின ஆப் கிடைக்கவில்லை. கடையில் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். பஸ் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. அப்பா நாளைக்கென்று விட்டுவைத்த அந்த வால் நுனி எலும்பை இனி யாராலும் தோண்ட முடியாது.