வளையல் என்று நினைத்தது

வயது ஐம்பத்தெட்டு ஆகிறது, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இருந்தும் எங்கேயாவது பழைய ரயில் கைகாட்டி நிற்கிறது என்று கேள்விப்பட்டால் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுகிறேன். பார்த்துவிட்டு அலுத்துப்போய்த் திரும்புவேன். "அந்த இரும்புல அப்படி என்னதான் இருக்கு?" என்பார் வீட்டுக்காரர். பதில் சொல்லிச் சலித்துவிட்டது.

எல்லாம் சித்தப்பாவால் வந்த வினை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் அவருக்குக் கேபின் வேலை. மாடி அறையில் வரிசையாக லீவர்கள் இருக்கும். ஒன்றை இழுத்தால் தூரத்தில் கைகாட்டி இறங்கும், ரயில் உள்ளே வரும். வியர்வை பட்டால் துருப்பிடிக்குமென்று துணி வைத்துத்தான் பிடிப்பார். வெளியாட்கள் ஏறக் கூடாது. ஏழு வயதில் லீவுக்குப் போயிருந்த நான் அழுது அடம்பிடித்து ஏறிவிட்டேன். மதுரையிலிருந்து அம்மா வரும் வண்டிக்குக் கைகாட்டி இறங்குவதைப் பார்த்தே ஆக வேண்டும்.

முதல் தண்டவாளத்தில் சரக்குப் பெட்டிகள் நின்றிருந்தன. மறந்துபோய் இழுத்துவிடாமல் இருக்க, அதற்கான லீவரில் ஓர் இரும்பு வளையத்தை மாட்டியிருந்தார். எனக்கு அது வளையல். அவர் போனில் பேசும்போது கழற்றிக் கையில் போட்டுக்கொண்டேன்.

அம்மாவின் வண்டிக்கு மணி அடித்தது. தினமும் அந்த வண்டிக்கு அதே லீவர்தான். பழக்கத்தில் கை அங்கே போய்விட்டது. இழுக்கப்போனவர் என் கையைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆத்தா, தண்ணி கொண்டா."

குடிக்கும்போது பாதித் தண்ணீரைச் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒவ்வொரு லீவரையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துத்தான் வண்டியை அடுத்த தண்டவாளத்தில் விட்டார். அதுவரை அது வெளியே வெயிலில் நின்றது.

அம்மா சிடுசிடுவென்று இறங்கினாள். "சித்தப்பாதாம்மா கைகாட்டிய எறக்கவே இல்ல" என்று போட்டுக்கொடுத்தேன்.

"என்ன தம்பி, தூங்கிட்டீகளா?"

"ஆமா மதினி. என் தப்புதான்."

அதன்பிறகு அவர் என்னைக் கேபினில் ஏற்றவில்லை. ஒரு வளையத்துக்கு இம்புட்டுக் கோபமா என்று நான் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை.

அது எதற்கான வளையம் என்று எனக்குத் தெரிய வந்தபோது சித்தப்பா உயிரோடு இல்லை. அம்மாவிடமும் சொல்லத் தைரியம் வரவில்லை. தன்னை வெயிலில் காயவிட்டுத் தூங்கிய கொழுந்தனைப் பற்றி அவள் கடைசிவரை சொல்லிச் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.