தேக்கடியில் விசாலம் பார்த்த யானை

முதல் நாள், காலை 5 மணி. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வேனில் ஏறினோம். வலியசாலைத் தெருக்காரர்கள் ஒன்பது பேர். வேன், இரண்டு ராத் தங்கல், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு அறுபத்தைந்து ரூபாய். இது போன மாதம், 1974 தையில் நடந்தது.

நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கோயில் உண்டு, கடை உண்டு. ஊர் சுற்றும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. போனது என் மனைவி விசாலத்துக்காக. அவளுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றதில் புரை முற்றி, பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பால் எல்லாம் புகை. மாசியில் ஆபரேஷன். பார்வை வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஏன்னா, காட்டுல இஷ்டத்துக்கு நடக்கற ஆனையை ஒரு தடவை பாத்துடணும். அப்புறம் கத்தியை வைக்கட்டும்."

"தெருவுல தினம் கோயில் ஆனை போறதே, அது போறாதா?"

"அது நம்மாத்து மனுஷா மாதிரி. இது பிள்ளையாரோட சொந்த ஆனை."

கோட்டயம் வழியாகக் குமுளிக்கு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். முண்டக்கயம் தாண்டியதும் மலை தொடங்குகிறது. பீருமேட்டில் காது அடைத்தது. இருபுறமும் தேயிலை, சீப்பால் வாரி விட்டதுபோல. மாலை நாலு மணிக்குக் குமுளியில் இறங்கினோம்.

இரண்டாம் நாள், காலை 9 மணி. எங்கள் வழிகாட்டி பாப்பச்சன், ஐம்பது வயதிருக்கும், காக்கிச் சட்டைக்காரர், முதலில் தம் ஊருக்கே அழைத்துப் போனார். செல்லார்கோவில் என்ற மலையோரக் கிராமம். ஜீப்பில் 15 கிலோமீட்டர். அவர் வீட்டைச் சுற்றி ஏலத்தோட்டம். இருபது வருஷமாக ஏலக்காய்ப் பொட்டலம் கட்டுகிறேன். அது மிளகு மாதிரிக் கொடியில் காய்க்கும் என்றே எண்ணியிருந்தேன். காய்த்திருந்ததோ செடியின் அடியில், மண்ணைத் தொட்டுக்கொண்டு! குனிந்து கும்பிட்டேன்.

"சாமி, அது சும்மா ஏலக்கா. பறிச்சுத் தின்னுங்க" என்று பாப்பச்சன் சிரித்தார்.

கிராமம் முடிகிற இடத்தில் பூமியும் முடிந்துவிடுகிறது. செங்குத்தாகப் பள்ளம். கீழே, வெகு கீழே, தமிழ்நாடு. கம்பத்து வயல்கள், தென்னந்தோப்புகள், நூல் மாதிரி ஒரு ரோடு. விசாலம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "காத்து மட்டும் தெரியறது. மத்ததை நீங்க சொல்லுங்கோ" என்றாள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

மாலை 4 மணி, தேக்கடி ஏரியில் படகு. அக்கரையில் ஏழு யானைகள், நடுவில் குட்டி ஒன்று. படகே எழுந்து நின்றது. விசாலமும் கைகூப்பினாள். அவள் கும்பிட்டது தண்ணீரில் நின்ற ஒரு பட்டமரத்தை. நான் திருத்தவில்லை.

"பாத்துட்டேன்னா" என்றாள். எனக்காகச் சொன்னாள்.

பாப்பச்சனும் கவனித்திருக்கிறார். கரையிறங்கியதும் என்னைத் தனியே கூப்பிட்டார். "நாளைக்கு வெளுப்பிலே நாம மூணு பேர் நடந்து போலாம். கிட்டத்திலே ஆனையைக் கண்டாலும் காணும், வாக்கு இல்லை. பூ, பழம், கற்பூரம் ஒண்ணும் வேண்டாம். வெள்ளை வேட்டியும் வேண்டாம். கொக்கு மாதிரி இருக்கீங்க சாமி, ஒரு மைல் தூரத்துக்குத் தெரியும்."

மூன்றாம் நாள், காலை 6.30. வேட்டியின்மேல் அவருடைய பழுப்புக் கம்பளியைச் சுற்றிக்கொண்டேன். மூங்கில், பனி, ஈர இலை மணம். எங்கோ கருங்குரங்கு ஊளையிட்டது. சந்நிதிக்குள் நடப்பதுபோல நடந்தேன். ஒரு திருப்பத்தில் பாப்பச்சனின் கை பின்னால் நீண்டு எங்களை நிறுத்தியது.

எதிரே கறுப்பாக ஒரு சுவர். அந்தச் சுவர் மூச்சு விட்டது.

விசாலம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சொல்லியும் கேளாமல் இரண்டு கதலிப்பழம் முடிந்து வைத்திருந்தாள். பழத்தை நீட்டி, ஓரடி முன்னால் போய், எங்கள் தெருவில் செய்வதுபோலத் தும்பிக்கை தலையில் படுவதற்காகக் குனிந்து நின்றுவிட்டாள்.

அதற்குமேல் நான் கண்ட சாட்சி இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வாயில் பிள்ளையார் நாமம்தான் இருந்தது. காதில் விழுந்தது பாப்பச்சனின் குரல், காற்றைப்போல: "அம்மா... பழம் தாழே இடு... மெல்ல... பின்னாலே வா..."

பிறகு மூங்கில் ஒன்று முறிந்தது. பிறகு ஒன்றுமில்லை.

கண்ணைத் திறந்தபோது பாப்பச்சன் தரையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குப்பியைத் திறந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"அம்மா, அது கோயில் ஆனை இல்லை, கேட்டோ! ஆசீர்வாதமெல்லாம் அதுக்கு அறியாது!"

"அறியாமலா விட்டுட்டுப் போச்சு?" என்றாள் விசாலம்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கிடந்த பழங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "இனி இதை நான் தின்னுக்கறேன். காட்டிலே இடக்கூடாது" என்றார்.

ஆகையால் அந்த யானையைப் பற்றி நான் எழுதுவது அவள் சொன்னதுதான். வலது தந்தம் நுனி ஒடிந்தது. இடது காதில் கிழிசல். இமை மயிர் நீளம். தும்பிக்கையை நீட்டி அவள் உச்சிக்கு ஒரு முழம் மேலே மோந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. குனிந்தபடியே அதன் முன்கால்களைப் பார்த்தாளாம். "சங்கிலி இல்லைன்னா. சங்கிலித் தழும்புகூட இல்லை" என்றாள். அத்தனை பெரிய உடம்பு போனதில் காலடிச் சத்தம் என்பதே இல்லை.

நல்ல கண் இரண்டு இருந்தும் நான் பார்க்கவில்லை. இதைத் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து ஆறு நாளாகிறது. கட்டுப் போட்டுக்கொண்டு அசையாமல் படுத்திருக்கிறாள். கட்டை நாளைக்கு அவிழ்ப்பார்கள். இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தேன். தெருமுனையில் சங்கிலிச் சத்தம். கோயில் யானை குளித்துவிட்டு வந்தது. பழம் கொடுத்துவிட்டுத் தலை குனிந்தேன். தும்பிக்கை ஈரமாக உச்சியில் இறங்கியது. அந்த நேரத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள், நானும்தான். இன்று மூடவில்லை. காலைப் பார்த்தேன். இரும்பு உரசி, வளையல் போட்டாற்போல் தோல் வெளுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் விசாலம் கேட்டாள், "என்ன பாத்தேள் இன்னிக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன்.