கண்மணிக்கு லீவு

குதிரைச் சவாரி நடத்துகிற தொழிலில் குதிரைக்குக் கொள்ளு வைத்துவிடலாம், லாடம் அடித்துவிடலாம். மேலே ஏற வருகிற ஜனங்களுக்குப் பதில் சொல்லித்தான் தொண்டை வற்றிப்போகும். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர்களே, மருந்துக் கடையில் நிற்கிறவர்களே, ரேஷனில் பாமாயில் ஊற்றுகிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். மற்றவர்கள் படித்துவிட்டு "பாவம் குதிரை" என்பார்கள். பாவம் நான்!

ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் ஒன்பது வருஷம் செக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். அப்பா மலை மேலே நாலு குதிரை வைத்துச் சவாரி விடுகிறார். போன வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பில் பலமான அடி. "வந்து கூட இரு ஸ்டெல்லா, அவரு ஒண்டியா அல்லாடறாரு" என்று அம்மா போனில் அழுதாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நாலில் மூத்தது கண்மணி, பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. குழந்தைகளை ஏற்றினால் தானாகவே நிதானமாக நடக்கும். அதனால் வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வேண்டும். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

பிரியாணியைக் கழிச்சிக்கோ

ஏறுகிறவர் எண்பது கிலோவைத் தாண்டக் கூடாது என்று வந்த வேகத்தில் ஒரு விதி போட்டேன். எடை மெஷினும் வாங்கி வைத்தேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்தி எடை போடுவது போல இருக்கிறதாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒருத்தர் வந்தார். தொண்ணூற்றாறு கிலோ. "முடியாது சார்" என்றேன். மெஷினிலிருந்து இறங்கினார், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பர்ஸையும் போனையும் மனைவி கையில் கொடுத்துவிட்டு ஏறினார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மூச்சை வேறு இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினார். தொண்ணூற்றைந்துக்குக் கீழே வரவே மாட்டேன் என்றது மெஷின். அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்: "வர்ற வழியில ஆம்பூர்ல ஃபுல் பிரியாணி சாப்ட்டேம்மா, அதைக் கழிச்சிட்டுப் பாரு!"

கூலிங் கிளாஸ்

அடுத்து வந்தது கல்யாணத்துக்கு முன்னால் வீடியோ எடுக்கிற கோஷ்டி. நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கண்மணிக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, பிடரியில் சென்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். அது தும்மிக்கொண்டே நிற்கிறது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. கண்ணாடியைப் பிடுங்கி கேமராக்காரர் கையில் திணித்தேன். கல்யாணப் பொண்ணு கொஞ்சமும் அசரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டது: "ரீல்ஸ்ல வர்ற குதிரைங்க எல்லாம் ரெண்டு காலைத் தூக்குது, உங்களுது ஏன் இவ்ளோ டல்லா இருக்கு?"

புண்

டல்லாக இருந்ததற்குக் காரணம் அன்று சாயங்காலம் தெரிந்தது. ஃபேக்டரியில் ஒன்பது வருஷம் தோலைத் தடவியே குறை கண்டுபிடித்த கை இது. சேணத்தை இறக்கிவிட்டு முதுகைத் தடவினேன். ஒரு இடத்தில் கண்மணி உடம்பை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. முடியை விலக்கிப் பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புண். சேணத்தின் அடி மெத்தை நைந்து போய், உள்ளே இருந்த கட்டை அழுத்தியிருக்கிறது. எத்தனை நாளாகச் சுமந்ததோ!

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். ஒரு மாசம் முதுகில் ஒரு துணிகூடப் படக் கூடாது, புண் உள்ளே இறங்கிவிட்டால் அப்புறம் இது சவாரிக்கே ஆகாது என்றார். முதுகு போன கிழட்டுக் குதிரையை வாங்க வருகிறவன் எதற்கு வாங்குவான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா மட்டும் ஏதோ கன்றுக்குட்டிக்குச் சளி பிடித்ததைக் கேட்ட மாதிரி அலட்டிக்கொள்ளாமல் நிற்கிறார். "ஒரு மாசமாம்ப்பா, கேட்டியா?" என்றேன். தாடையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "மல ஏறி வந்தவங்கள வேணாம்னு அனுப்பி எனக்குப் பழக்கம் இல்லியேம்மா."

மெடிக்கல் லீவு

அவருக்குப் பழக்கம் இல்லையென்றால் நான் பழக்குகிறேன் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டினேன்: 'கண்மணிக்கு உடம்பு சரியில்லை. ஒரு மாதம் லீவு.' அதற்குள் மலையே கூடிவிட்டது. லீவு என்றால் எங்கே போயிருக்கிறது என்று ஒருத்தர். பத்தே அடி நடந்தால் செத்தா போகும் என்று இன்னொருத்தர். எல்லோருக்கும் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்தேன்.

எல்லோருக்கும் கடைசியில் நின்றவள் ஒருத்தி. ரெண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். கழுத்தில் ஃபேக்டரி ஐடி கார்டுக் கயிறு, ஞாயிற்றுக்கிழமையும் கழற்ற மறந்திருக்கிறாள். அட்டையை நின்று படித்தாள். சண்டைக்கு வரப்போகிறாள் என்று நானும் தயாராக நின்றேன். அவள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "குதிரைக்கு ஒரு மாசமா? போன வாரம் நூத்திரெண்டு காய்ச்சல்ல நான் ஸ்டிச்சிங் லைன்ல உக்காந்திருந்தேன்க்கா."

கம்முனு வந்துச்சே

ரெண்டாவது வாரம், சேணத்துக்கு அடியில் புது மெத்தை வைத்துத் தைத்து வாங்க ஆம்பூர் போனேன். மத்தியானம் மேலே வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே கண்மணி வருகிறது. முதுகில் வேறொரு குதிரையின் சேணம். அதன் மேலே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனுஷர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி முன்னால் நடப்பது யார்? என் அப்பாதான்!

"எறங்குங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மனுஷர் இறங்கினார். சேணத்தைத் தூக்கினேன். ஆறிக்கொண்டு வந்த புண் பிளந்து, அடித்துணியெல்லாம் ரத்தம். "கண்ணு இல்லியாப்பா உனக்கு? மனசும் இல்லியா?" என்று நடுரோட்டில் கேட்டேன். கேட்டதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. அப்பா குதிரை பக்கம் திரும்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ரத்தத்தை ஒற்றினார். துண்டு பட்டதும் கண்மணி காதை மடக்கிக்கொண்டு ஒதுங்கியது, அவரிடமிருந்தே. பெரிய மனுஷர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வலிச்சிருந்தா கத்தியிருக்குமேம்மா, கம்முனுதானே வந்துச்சு?"

அப்பா படித்த பாடம்

அதற்கப்புறம் ரெண்டு நாள் அப்பா லாயத்தை விட்டு நகரவில்லை. வேளைக்கு வேளை மருந்து போட்டார். ஈ உட்காராமல் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு விசிறிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள்தான் கண்மணி அவரைத் தொடவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, நல்லவேளை, புண் ஆழமாக இறங்கவில்லை, ஆனால் இன்னும் ரெண்டு மாசம் ஆகும் என்றார். லாயத்துக்குப் பின்னால் போய் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு ரெண்டு பேருக்கும். மிச்சம் மூன்று குதிரையும் தின்றுவிட்டுச் சும்மாதான் நிற்கின்றன. நான் சேணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறேன், அதற்குள் அப்பா வாசலை மறித்துவிட்டார். கறுப்பு இன்னும் தண்ணி குடிக்கவில்லையாம். வெள்ளைக்குத் தூக்கம் பத்தவில்லையாம். சின்னதுக்குக் காலையிலிருந்து முகமே சரியில்லையாம். "ஐயா, ஒரு ரவுண்டு மட்டும்" என்று மாப்பிள்ளை கெஞ்சினான். அப்பா ரெண்டு பேர் காலையும் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் காலு நல்லாத்தானே இருக்குது? நடந்து சுத்துங்க, இன்னா கொறஞ்சி போச்சி?"

வேண்டாம் என்று சொல்லத் தெரியாத அப்பாவோடு சண்டையாவது போடலாம் ஐயா, அதைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்ட அப்பாவை வைத்துக்கொண்டு சவாரித் தொழில் நடத்தக் கடவுளாலும் முடியாது.