ஒரே அட்டைக்கு இரண்டு மார்க்

கடைசியாகக் கண் சோதனைக்குப் போனபோது, சோதித்தவர் ஒரு லென்ஸை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டி, “முன்ன தெளிவா இருந்துச்சா, இப்பவா?” என்று கேட்டிருப்பாரே, நீங்கள் என்ன சொன்னீர்கள்? அவர் மாட்டியது வேறு லென்ஸ்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பம்பரத்தின் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தால் தெரிந்திருக்காது. நாலைந்து லென்ஸ் மாற்றிய பிறகு, மனிதர் ஒரு லென்ஸை எடுப்பார், துணியால் ஒரு துடை துடைப்பார், அதையே திரும்பப் போட்டுவிட்டு, “இப்ப எப்படி?” என்பார். பத்துப் பேரில் ஆறு பேர், “இதுதாங்க பளிச்சுன்னு இருக்கு” என்பார்கள். அப்படிச் சொன்னவர்களின் மற்றப் பதில்களையும் அவர் நம்பமாட்டார். முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார். “ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறவரிடம் மட்டும் அவருக்குத் தனி மரியாதை. அந்த ஆளுக்குக் கண் மங்கல், மூளை மங்கவில்லை என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பம்பரம் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் ஜன்னல் கொக்கியை முறுக்கிவிட்டு வருவார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பார். கடையின் முன்பக்கம் உட்கார்ந்து பிரேம் விற்கும் அவர் மனைவி, “ஒரு ஆணி எடுத்துட்டு வாங்களேன், இவரை அடிச்சு நிறுத்தலாம்” என்று வாடிக்கையாளர்களிடமே சொல்வார்.

அவர் அசையாமல் நிற்பது கால்பந்து அட்டைகளின் முன்னால் மட்டும்தான். ஆட்டக்காரரின் படம் முன்னால், ஆடிய கணக்கு பின்னால் என்று உள்ளங்கை அளவில் அச்சிடுவார்களே, அந்த அட்டைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தின் மாடி அறையில் நாற்பது பேர் கூடுவார்கள். அவர்கள் கொண்டுவரும் அட்டைகளைக் கடையின் பூதக்கண்ணாடியால் பார்த்து, “இது எட்டு தேறும், இது ஏழுக்கு மேல போகாது” என்று பம்பரம் சொல்வார். அவர் சொன்னால் சரி என்று போய்க்கொண்டிருந்தது.

ஆனால் சந்தையில் பம்பரத்தின் வாய்ச்சொல் செல்லாது. அதற்கென்று மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற லேபிள். அட்டையை அனுப்பினால் மூலை மழுங்கியிருக்கிறதா, விளிம்பு பிசிறியிருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பத்துக்கு ஒரு மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் வைத்து மூடித் திருப்பி அனுப்புவார்கள். ஏழு என்று போட்டால் அந்த அட்டை அலமாரியில் கிடக்கும். ஒன்பது என்று போட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும். போட்டவர் யார், எத்தனை நிமிடம் பார்த்தார், காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா, யாரும் கேட்பதில்லை. கூடு கெட்டியாக இருப்பதால் உள்ளே இருக்கும் எண்ணும் கெட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கூட்டத்துக்கு வருகிறவர்களில் ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு முன்கள வீரர் ஆட வந்த முதல் வருட அட்டையைப் பதினெட்டு வருடம் பத்திரமாக வைத்திருந்தவர், சிவப்பு லேபிள் ஒட்டும் நிறுவனத்துக்கு அனுப்பினார். ஆறு போட்டுத் திருப்பினார்கள். மனம் விட்டுப்போய் ஒரு வியாபாரியிடம் கொடுத்த விலைக்குத் தள்ளிவிட்டார். மூன்று மாதம் கழித்து அதே அட்டை, இடது பூட்ஸ் பக்கத்தில் அதே மைப்புள்ளியோடு, அந்த வியாபாரியின் கண்ணாடிப் பெட்டியில் நின்றது. அதே சிவப்பு லேபிள், ஆனால் ஒன்பது.

அந்த வியாபாரி பம்பரத்தின் மனைவியுடைய தம்பி.

“அத்தான், நான் அட்டையத் தொடக்கூட இல்ல. கூட்ட உடைச்சேன், அவங்க எனக்குக் குடுத்த வியாபாரி எண்ணப் போட்டு அனுப்பினேன். அவ்ளோதான்” என்றான் மச்சினன், ஏதோ பரிசு வாங்கியவன் போல.

“அவ்ளோதானா? அந்த மனுஷன் பதினெட்டு வருஷம் வச்சிருந்ததடா அது.”

“நானா ஆறு போட்டேன்? போட்டவன்கிட்ட போய்க் கேளுங்க. மாசம் இருநூறு அட்டை அனுப்பறவனுக்கு ஒரு பார்வை, வருஷத்துக்கு ஒண்ணு அனுப்பறவனுக்கு ஒரு பார்வை. ஊர் உலகத்துல எங்க இல்ல?”

எங்கும் இருக்கிறது என்பது ஒரு அநியாயத்துக்கு நற்சான்றா என்று பம்பரம் கேட்டார். அன்றைக்கு அவர் மச்சினன் வீட்டில் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு மாடி அறையில் எழுந்து நின்று, மூன்று நிறுவனங்களையும் சோதிக்கப்போவதாகவும், எதை நம்பலாம் என்று பட்டியல் ஒட்டுகிறவரை யாரும் அட்டை அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னார். நாற்பது பேரும் நிறுத்திவைத்தார்கள்.

சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்தது யாருக்கும் வேண்டாத ஒரு கோல்கீப்பரை. ஒரு காலத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் அவர்தான் வருவார். “மறுபடியும் இவனா” என்பதே அந்த அட்டைக்குப் பெயராகிவிட்டது. பம்பரத்திடம் நாற்பது மறுபடியும்-இவனா இருந்தன. ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் வைத்துத் தானே மார்க் போட்டு நோட்டில் எழுதினார். அச்சுப் புள்ளிகளும் கீறல்களும் தெரியும்படி படம் எடுத்து, படத்துக்கு எண் கொடுத்தார். பத்துப் பத்தாக மூன்று நிறுவனத்துக்கும் தன் பேரில் அனுப்பினார். மீதிப் பத்தை, தபாலில் ஏதாவது தொலைந்தால் ஆகட்டுமென்று மேசை இழுப்பறையில் போட்டார். வந்த பிறகு கூட்டை உடைத்து, அதே முப்பதையும் மச்சினனின் வியாபாரி எண்ணில் திரும்ப அனுப்ப வேண்டும். அதற்காக அவனிடம் பேச வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“தாராளமா அனுப்புங்க அத்தான். என் பேருக்கு என்ன மவுசுன்னு நீங்களும் பாத்துக்கலாம்.”

காத்திருந்த மாதங்களில் கடையில் இருப்பவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தபால் வண்டிச் சத்தம் கேட்டால் வாடிக்கையாளரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டியபடியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். ஒரு அம்மாள் அதை மாட்டிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தார். தூங்கி எழுந்ததும் நோட்டு, பல் துலக்கும்போது நோட்டு. அந்தப் பட்டியல் சரியாக வரவேண்டும், நாற்பது பேரும் தன் சொல்லை நம்பித்தான் நிற்கிறார்கள் என்ற நினைப்பு அவரை உட்காரவிடவில்லை.

ஒரு வழியாகக் கடைசிப் பார்சலும் வந்தது.

சிவப்பு லேபிள்: பத்தில் ஏழுக்கு மார்க் மாறியிருந்தது, ஏழும் ஏற்றம்தான். வருடத்துக்கு ஒன்று அனுப்புகிறவனின் மழுங்கிய மூலை, வியாபாரியின் பேரில் போனதும் கூர்மையாகிவிட்டது. நீல லேபிள்: ஐந்து மாறின, மூன்று ஏறி, இரண்டு இறங்கி, அங்கே கள்ளத்தனம்கூட இல்லை, கவனமின்மைதான். கறுப்பு லேபிள் இரண்டு தடவையும் ஒன்றுகூட மாறவில்லை. பம்பரம் ஒரு நிமிடம் பூரித்துப்போனார். அப்புறம்தான் கவனித்தார், பத்துக்கும் எட்டு. நான்காம் எண் அட்டையின் மூலையை அவரே நகத்தால் மடக்கி அனுப்பியிருந்தார், அதற்கும் எட்டு. முள் ஒட்டிக்கொண்ட தராசு எத்தனை தடவை நிறுத்தாலும் ஒரே எடைதான் காட்டும். அதை யாராவது நம்பகம் என்று சொன்னால் அவரையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் பட்டியலைப் பெரிய தாளில் எழுதிக்கொண்டிருந்தார். மனைவி பத்து அட்டைகளைப் புது உறையில் போட்டு மேசையில் வைத்தார்.

“தம்பி கடையில இருந்து அனுப்பியிருக்கான். பாத்து மார்க் போட்டுத் தரணுமாம்.”

“அவனுக்கு என் மார்க் எதுக்கு? அவன் பேரச் சொன்னாலே ஏறுமே.”

“போடுங்களேன். அஞ்சு நிமிஷம்.”

பூதக்கண்ணாடியை எடுத்தார். எல்லாம் மறுபடியும்-இவனா. “இதையுமா விக்கிறான்” என்று முணுமுணுத்தார். விளிம்பைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். ஏழு, ஆறு, ஆறு, ஏழு, ஐந்து என்று விறுவிறுவென எழுதித் தள்ளினார். “பூராவும் தேய்ஞ்சு கிடக்கு. உன் தம்பி வியாபாரம் மாதிரியே.”

மனைவி அந்தத் தாளை வாங்கி, அவருடைய நோட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். அட்டைகளை உறையிலிருந்து எடுத்து, எண்ணிட்ட படங்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார். இழுப்பறையில் கிடந்த பத்து. பம்பரமே முன்பு மார்க் போட்ட பத்து. அன்றைக்கு எட்டு, எட்டு, ஏழு, எட்டு. இரண்டுதான் ஒத்துப்போயின. ஒன்று ஏறியிருந்தது. மற்ற ஏழும் இறங்கியிருந்தன.

பம்பரம் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“அனுப்பி, கூட்ட உடைச்சு, அங்க இங்க மூலை அடிபட்டிருக்கும்.”

“இந்தப் பத்து வீட்ட விட்டே போகல. இழுப்பறைய நீங்க வச்சதுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் திறந்தேன்.”

“வெளிச்சம்...”

“அன்னிக்கும் இதே மேசை, இதே விளக்கு, இதே மத்தியானம்.” மனைவி குரலை உயர்த்தவில்லை. “இருபத்திரண்டு வருஷமா திரைக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுட்டிருக்கேன். அதே லென்ஸத் துடைச்சுப் போடுவீங்க. ஏமாந்தவங்களப் பத்தி ராத்திரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க. நானும் ஒரு தடவை துடைச்சுப் போட்டுப் பாத்தேன்.”

“உன் தம்பிக்கு வக்காலத்தா?”

“அவன் செஞ்சது அநியாயம். அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். வியாபாரி பேரப் பாத்து சிவப்புக்காரன் ஒண்ணு ஏத்தினான். என் தம்பி பேரக் கேட்டு நீங்க ஒண்ணு இறக்கினீங்க. ரெண்டு பேரும் அட்டையப் பாக்கலங்க.”

பம்பரம் கடைக்கும் வாசலுக்கும் நடந்தார். இந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்? பட்டியலில் மூன்று நிறுவனத்தைப் பற்றித்தான் சொல்வதாகச் சொன்னார், தன்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒட்டிவிட்டால், பத்து வருடமாக அவர் சொன்ன ஏழும் எட்டும் என்ன ஆகும்? நடந்துகொண்டே யோசித்ததில் இன்னொன்றும் உறைத்தது. கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் இருப்பது என்ற இந்தச் சௌகரியத்தில்தான் அந்த மூன்று நிறுவனங்களும் இத்தனை வருடம் குளிர்காய்கின்றன.

ஞாயிறு காலை மாடி அறைச் சுவரில் தாள் ஏறியது. நான்கு வரிகள். சிவப்பு, நீலம், கறுப்பு, பம்பரம். நான்காவது வரியில்: ‘பத்தில் எட்டு மாறின. ஏழு இறக்கம். கொண்டுவந்தவர் மேல் கோபம்.’

முதலில் சிரித்தார்கள். “பம்பரம் சாயுதப்பா” என்றார் ஒருவர். “அப்ப என் அட்டைக்கு ஏழு போட்டது என் மேல இருந்த கோபமா? நான் உங்க கடையில கண்ணாடி வாங்கலன்னா?” என்றார் இன்னொருவர். அவர் பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். பம்பரம் முழுதாக யோசித்துவிட்டு, “இருக்கலாம்” என்றார். சிரிப்பு நின்றது.

லிஃப்ட் மெக்கானிக் தாளுக்கு நெருங்கி நின்று, நான்கு வரியையும் விரல் வைத்துப் படித்தார்.

“சரிண்ணே, என் அட்டை ஆறா, ஒன்பதா?”

இந்தக் கேள்விக்காகத்தான் பம்பரம் இத்தனை மாதம் பறந்தார். ஒன்பதுதான், உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தார்.

“தெரியலைங்க” என்றார்.

மெக்கானிக் தாளிலிருந்து விரலை எடுத்தார். “இந்த ஒரு வார்த்தைய அவனுங்க மொதல்ல சொல்லியிருந்தா நான் வித்திருக்கவே மாட்டேன்” என்றார். பிறகு, “ஆறுன்னு அடிச்சுச் சொன்னானுங்கண்ணே. நம்பிட்டேன்.”

அன்றிலிருந்து அந்த அறையில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. கொண்டுவருகிறவர் பேர் எழுதாமல் உள்ளே போடுவார். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் அறியாமல் மூன்று பேர் மார்க் போடுவார்கள். இரண்டு வாரம் கழித்து அவற்றில் சில, சொல்லாமல், திரும்பப் பெட்டிக்குள் வரும். யாருக்கு எத்தனை மாறியது என்று சுவரில் ஏறும். மச்சினனும் வருகிறான், போன மாதம் அவனுக்குத்தான் மாற்றம் குறைவு, அதைச் சொல்லும்போது பம்பரத்தின் முகம் இன்னும் கோணுகிறது. பம்பரம் இப்போதும் உட்காருவதில்லை. நான்காவது வரி எட்டிலிருந்து நான்குக்கு இறங்கியிருக்கிறது. போதவில்லை என்று நடந்துகொண்டே இருக்கிறார்.

உங்களிடமும் அனுப்பக் காத்திருக்கும் அட்டை ஒன்று இருக்கலாம். அனுப்பும் முன் அந்த நிறுவனத்துக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ஒரே அட்டையை, பேரை மறைத்து, இரண்டாம் தடவை உங்களிடம் கொடுத்தால் பத்தில் எத்தனைக்கு மார்க் மாறும்? எண்ணாகப் பதில் வருகிறவரை அட்டையை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். அதற்குள், அதற்கு நீங்கள் போடும் மார்க்கை ஒரு தாளில் எழுதி, நீங்கள் மறுபடி மார்க் போடும்வரை உங்கள் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கச் சொல்லி வீட்டில் யாரிடமாவது கொடுங்கள். இன்றைக்கே கொடுங்கள்.